கட்டுச்சோறு முடிந்து அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்

எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, அவள் பயணம் போவதைப் பற்றி இரண்டே இரண்டு கட்சிதான். ஒரு கட்சி, "வாசப்படி தாண்டாதே அம்மணி" என்கும். இன்னொரு கட்சி, "நாங்கெல்லாம் நெறமாசத்துல பஸ் ஏறி சந்தைக்குப் போனவங்க, ஒண்ணும் ஆகாது" என்கும். வேடிக்கை என்னவென்றால், எட்டு மாதம் வாசப்படிக்குள் கட்டிப்போட்டு வைத்த அதே ஆட்கள்தான், வயிறு கனத்துக் குனியக்கூட முடியாத ஒன்பதாம் மாதத்தில் கட்டுச்சோறு என்கிற வழியனுப்பு விருந்து போட்டு, நாலு கார் நிறைய சனத்தோடு அம்மா வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். என்னைப் பல்லடத்திலிருந்து கோபிக்கு அப்படித்தான் கூட்டிப்போனார்கள். பின்சீட்டில் இரண்டு அத்தைகளுக்கு நடுவே, மடியில் புளிசாதத் தூக்குப்போசியோடு, பெல்ட் போடாமல், ராகுகாலத்துக்கு முன்னால் எல்லை தாண்டிவிட வேண்டும் என்று பறந்த காரில். இரண்டாவது பிள்ளைக்குக் கொஞ்சம் விவரம் வந்திருந்தது. அந்த விவரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, மாதக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குக்கு வாருங்கள். வீட்டில் ஒன்பதாம் மாதம் என்பது ஒன்பது முடிந்ததா, பிறந்ததா என்பதிலேயே பெரியவர்களுக்குள் சண்டை வரும். டாக்டர் கணக்கு கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியிலிருந்து 40 வாரம், அதில் குழப்பம் கிடையாது. 14 வாரத்திலிருந்து 28 வாரம் வரைக்கும்தான் பயணத்துக்கு நல்ல காலம், வாந்தி அடங்கியிருக்கும், வயிறும் இன்னும் பெரிதாகியிருக்காது. வெளியூர்க் கல்யாணம், கோயில், ஆபீஸ் வேலை என்று எது இருந்தாலும் இதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். கட்டுச்சோற்றை ஏழாம் மாதத்திலேயே வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றாலும் கேட்டுப் பாருங்கள். பெங்களூரிலோ சென்னையிலோ இருந்து வருகிற பெண் 30, 32 வாரத்துக்குள் ஊர் வந்து சேர்ந்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. பவானியிலிருந்து பெருந்துறைக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் அவ்வளவு கெடுபிடி இல்லை, சாப்பிட்ட கை காய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

நாள் குறிக்கும் முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும், ஜோசியருக்கு அப்புறம் அல்ல, அதற்கு முன்னால். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தவர்கள், இடையில் ரத்தம் பட்டவர்கள், பிரஷர் ஏறியிருப்பவர்கள், கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டவர்கள், முந்தைய பிரசவம் குறைமாதத்தில் ஆனவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், ரத்தம் மிகக் குறைவாக இருப்பவர்கள் யாரும் தாங்களாக முடிவெடுத்து வண்டி ஏறக் கூடாது. மற்றபடி, ரோட்டில் நாலு தடவை தூக்கிப் போட்டால் கரு கலைந்துவிடும் என்பது வெறும் பயம். ஆரம்ப மாதங்களில் கலைவது பெரும்பாலும் கருவிலேயே இருக்கும் குரோமோசோம் கோளாறால்தான், நீங்கள் ஏறிய டவுன் பஸ்ஸால் அல்ல. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பயணத்துக்கு அப்புறம் அப்படி ஆகிவிட்டால் அந்தப் பெண்ணை வருசக்கணக்கில் குத்திக்காட்டும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது கார். கட்டுச்சோறு அன்றைக்குப் பெண்ணுக்கென்று ஒரு கார் தனியாக, அதில் பெண், கூட ஒரே ஒரு பெரியம்மாவோ அம்மாவோ, நிதானமாக ஓட்டும் ஒரு ஆள், அவ்வளவுதான். தட்டு, பழக்கூடை, பலகாரம், அத்தைமார் எல்லாம் வேறு வண்டியில் வரட்டும். பெல்ட் போட்டால் வயிறு அழுந்தும் என்று எல்லா வீட்டிலும் தடுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். போடும் விதத்தில் போட்டால் அது வயிற்றை அழுத்தவே அழுத்தாது. கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், இரண்டு இடுப்பெலும்பின் மேலும் படிந்து தொடையை ஒட்டிப் போக வேண்டும். மேல் பட்டை தோளிலிருந்து இரு மார்புக்கும் நடுவில் இறங்கி வயிற்றுக்குப் பக்கவாட்டில் போக வேண்டும். கையால் பிடித்து அக்குளுக்குக் கீழே தள்ளிவிட்டுக்கொள்வது, வயிற்றின் குறுக்கே விட்டுக்கொள்வது இரண்டும் ஆகாது. பட்டுச்சேலை மடிப்பு, ஒட்டியாணம், கை நிறைய கண்ணாடி வளையல் இவற்றோடு பெல்ட் சரியாக உட்காராது, அதனால் விருந்து முடிந்ததும் மாற்றிக்கொண்டு பருத்தியில் கிளம்புங்கள். போட்டோ எல்லாம் மண்டபத்திலேயே எடுத்தாயிற்று, காருக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? நீங்களே ஓட்டுகிறவர் என்றால் ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவில் 25 சென்டிமீட்டராவது இருக்கிறபடி சீட்டைப் பின்னால் தள்ளுங்கள், கால் பெடலுக்கு எட்டவில்லை என்கிற நாள் வந்ததும் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். இது சும்மா காலை நீட்டுவதற்கு மட்டும் இல்லை. கர்ப்ப காலத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறுகிறது, அதோடு காலை மடக்கியே மணிக்கணக்கில் உட்கார்ந்தால் கெண்டைக்காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. உட்கார்ந்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். நிற்கும் இடத்தில் சிறுநீர் கழித்துவிடுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவது எங்கள் ஊர்ப் பெண்கள் பரம்பரையாகச் செய்யும் தப்பு, அடக்கி வைத்தால் நீர்த்தொற்று, அதனால் காய்ச்சல், சிலருக்கு அதனாலேயே குறைமாதத்தில் வலி. சேலம் கோயமுத்தூர் நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியிலும் பெட்ரோல் பங்க்கிலும் கழிப்பறை இருக்கிறது, வீட்டு ஆண்பிள்ளை இறங்கிப் போய்ச் சாவி வாங்கி வரட்டும், அதற்குத்தானே கூட வருகிறார்.

பஸ் என்றால் டயர் மேல் இருக்கும் சீட்டும் கடைசி சீட்டும் வேண்டவே வேண்டாம், நடுப்பகுதியில் உட்காருங்கள். இடம் இல்லையென்றால் வாய் விட்டுக் கேளுங்கள், நம் ஊரில் "ஏனுங்க, கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுங்களா" என்றால் எழுந்திருக்காத ஆள் குறைவு. வண்டி முழுதாக நின்ற பிறகு ஏறி இறங்குங்கள். டூவீலரைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் கறார். குலுங்குவதால் அல்ல, விழுவதால். ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பையும் இன்னொரு கையில் முந்தானையுமாகப் போகிற ஏழு மாதப் பெண்ணைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அக்கம்பக்கம் செக்கப்புக்குப் போகக்கூட ஆட்டோ சொல்லுங்கள்.

மலைக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: உயரம் பிரச்சினை இல்லை, வளைவுதான் பிரச்சினை. ஊட்டி 2,240 மீட்டர்தான், திடமாக இருக்கும் கர்ப்பிணிக்கு அந்தக் காற்று ஒன்றும் செய்யாது. ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. வாந்தியே வராதவர்களுக்கும் அங்கே வரும். அதைவிடப் பெரிய விசயம், வளைவு நடுவில் லாரி ஒன்று கவிழ்ந்துவிட்டால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். திம்பத்தில் ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடையும் இருக்கிறது, ஆம்புலன்சுக்கு விலக்கு உண்டு என்றாலும் அவசரத்துக்குச் சொந்தக் காரில் இறங்கிவிடலாம் என்று நம்பிப் போக முடியாது. 28 வாரத்துக்கு மேல் மலையை விட்டுவிடுங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வருசம் போகலாம். அதற்கு முன்னால் ஆசையாக இருந்தால் காலையில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்து, தூரத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே போங்கள், செல்போனைத் தொடாதீர்கள். வெறும் வயிற்றில் போனாலும் வாந்தி வரும், வயிறு முட்டத் தின்று போனாலும் வரும், ரெண்டு இட்லி சரியாக இருக்கும்.

சென்னை போக வர ரயில்தான் என் ஓட்டு. கோயமுத்தூரிலிருந்து வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் போய்விடும், ஆனால் அவ்வளவு நேரமும் உட்கார்ந்தே போக வேண்டும், முதுகுவலிக்காரர்களுக்கு ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸிலோ நீலகிரி எக்ஸ்பிரஸிலோ இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு போவதே மேல். ஈரோட்டுக்காரர்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும், 45 வயது தாண்டிய பெண்களுக்கும், மூத்த குடிமக்களுக்கும் சேர்த்து ஸ்லீப்பர் பெட்டி ஒன்றுக்கு ஆறேழு கீழ்ப்படுக்கை ஒதுக்கியிருக்கிறார்கள். ஸ்டேசன் கவுண்டரில் டாக்டர் சான்றைக் காட்டி அந்த ஒதுக்கீட்டில் கேளுங்கள். ரயிலில் உடம்புக்கு ஆகவில்லையென்றால் 139-ஐக் கூப்பிடுங்கள். ஓடும் ரயிலில் கழிப்பறைக்குப் போகும்போது ஒரு ஆளைக் கதவுக்கு வெளியே நிறுத்திக்கொள்ளுங்கள், ஈரத்தரையில் வழுக்கினால் பிடிக்க ஒன்றும் இருக்காது.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருப்பது போலத்தான், சோதனை வாசல்களாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. 36 வாரம் தாண்டினால் பொதுவாக ஏற்ற மாட்டார்கள், அதற்குச் சில வாரம் முன்னாலிருந்தே டாக்டர் சான்று கேட்பார்கள், இரட்டை என்றால் இன்னும் சீக்கிரம். கம்பெனிக்குக் கம்பெனி வாரம் மாறும், டிக்கெட் போடும்போதே பார்த்துவிடுங்கள். நடைபாதை ஓரத்து சீட் வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள், கட்டுச்சோறு என்ற பேரே அதற்குத்தான். எண்ணெய் விட்டுக் கிளறிய புளிசாதம் பொழுதுக்கும் தாங்கும். அரிசிம்பருப்பு சாதம் தாங்காது, அதைச் சூடாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். தேங்காய்ச் சட்னி, வெட்டி வைத்த பழம், பஸ் ஸ்டாண்டு மோர் மூன்றும் ஆகாது. பொள்ளாச்சி ரோட்டில் கண்ணெதிரே வெட்டித் தரும் இளநீர் தாராளமாகக் குடிக்கலாம், சர்க்கரை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் கரூர், தாராபுரம் பக்கம் போவதென்றால் பத்து மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுங்கள். வாந்தி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

வழியில் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அம்மா வீட்டை மறந்துவிட்டு, பக்கத்தில் எந்தப் பிரசவ ஆஸ்பத்திரியோ அங்கே திருப்புங்கள்: ரத்தம் படுவது, நீர் கசிவது, விட்டுவிட்டு வலி வந்து இடைவெளி குறைவது, தலைவலியோடு கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, பிள்ளை அசைவு குறைவது. 108-ஐக் கூப்பிடும்போது எத்தனை வாரம் என்பதை முதலில் சொல்லுங்கள். வண்டி எதிலாவது லேசாக இடித்து, வயிற்றில் அடியே தெரியாவிட்டாலும் போய்க் காட்டத்தான் வேண்டும், நஞ்சுக்கொடி பிரிவது வெளியே உடனே தெரியாது, சில மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அடிபட்டாலோ ரத்தம் பட்டாலோ 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசியைக் கேட்டு வாங்குங்கள்.

பையில் தாய்சேய் நல அட்டை, கடைசி ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மாத்திரைகள், கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் பிக்மி எண். இந்த ஃபைல் டிக்கியில் பலகாரக் கூடைக்கு அடியில் போகக் கூடாது, உங்கள் காலடியில் இருக்கட்டும். எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரர் போனிலும் வையுங்கள். எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, கிளம்பும்போது தலையில் வேப்பிலை செருகிவிட்டது, அதையும் வைத்துக்கொண்டேன், அதனால் யாருக்கு என்ன நட்டம்.

அம்மா வீடு போய்ச் சேர்ந்த ரெண்டு நாளைக்குள் அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துப் பிக்மி எண்ணைச் சொல்லி, இங்கே வந்துவிட்டேன் என்று பதியச் சொல்லுங்கள், பிறப்புச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் அந்த எண் வேண்டும். பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியில் ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வாருங்கள். அப்புறம் உங்கள் அப்பாவிடம் சொல்லி ஒரு ராத்திரி, காரில் சாளையிலிருந்து, அதாவது தோட்டத்து வீட்டிலிருந்து, ஆஸ்பத்திரி வரைக்கும் சும்மா ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் அப்பா ஓட்டிப் பார்த்தபோதுதான், பாதி வழியில் ஒரு ரயில்வே கேட் ராத்திரி நெடுநேரம் மூடியே கிடப்பது தெரிந்தது. சுற்றிப் போகும் இட்டேரி வழியை அன்றைக்கே பார்த்து வைத்தார், பதினெட்டு நாள் கழித்து அந்த வழியில்தான் போனோம்.