சோல்செனிட்சினை எங்கே தொடங்குவது

சோவியத் கட்டாய உழைப்பு முகாமில் கைதியாக இருந்த ரஷ்ய எழுத்தாளர் அலெக்ஸாண்டர் சோல்செனிட்சின் என்றதும் பலர் நேராக, 'குலாக்' எனப்பட்ட அந்த முகாம்களின் வரலாறான 'குலாக் தீவுக்கூட்டம்' நூலைத்தான் கையில் எடுக்கிறார்கள். மூன்று தொகுதி, ஏழு பகுதி. முதல் தொகுதி பாதியிலேயே நின்றுபோவதற்குக் காரணம், முகாமுக்குள் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரியாமலே அதன் வரலாற்றுக்குள் நுழைவதுதான்.

முதலில் 'இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்'. அன்றைய சோவியத் தலைவர் குருஷ்சேவின் ஒப்புதலோடு 1962 நவம்பரில் 'நோவி மிர்' இதழில் வந்த குறுநாவல். அத்தியாயப் பிரிவே கிடையாது. ஒரு விடுமுறை நாளில் ஒரே இருப்பில் முடித்துவிடுங்கள். கதைத் திருப்பங்களை எதிர்பார்க்காமல் பொருள்களைக் கவனியுங்கள். கைதி இவான் டெனிசோவிச் ஷுகோவ் ரொட்டியில் பாதியை மெத்தைக்குள் வைத்துத் தைக்கிறான். ஸ்பூனை பூட்ஸுக்குள் செருகிக்கொள்கிறான். கைக்கு வாகான கொத்துக் கரண்டி ஒன்றை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறான். அன்று காலை குளிர் மைனஸ் 27.5 டிகிரி, மைனஸ் 41-ஐத் தொட்டால்தான் வேலைக்கு விலக்கு. முகாம் என்பதே இந்தக் கணக்குகள்தான்.

பெயர்கள் குழப்பும். ரஷ்யர்களின் நடுப்பெயர் தகப்பன் பெயரிலிருந்து வருவது: டெனிசோவிச் என்றால் டெனிஸின் மகன். பெரிய நாவல்களுக்குப் போகும்போது பாத்திரங்களின் முழுப்பெயரைத் துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 'மத்ரியோனாவின் வீடு' சிறுகதை. பிறகு 'புற்றுநோய் வார்டு' நாவல். 1954-இல் தாஷ்கண்டில் அவர் பெற்ற சிகிச்சையே இதன் களம்.

'முதல் வட்டம்' நாவலை வாங்கும்போது கவனம் தேவை. 1968-இல் வெளிநாட்டில் வந்தது, தணிக்கையைத் தாண்டுவதற்காக அவரே மாற்றிய 87 அத்தியாய வடிவம். முழு வடிவத்தில் 96. தொடக்கத்தில் வரும் தொலைபேசி அழைப்பைப் பாருங்கள்: அணுகுண்டு ரகசியம் பற்றி அமெரிக்கத் தூதரகத்துக்கு என்றால் முழு வடிவம், மருந்து விவகாரமாக ஒரு மருத்துவருக்கு என்றால் பழையது. முழு வடிவமே வேண்டும். அரசியல் கூர்மை அதில்தான் இருக்கிறது.

இப்போது 'குலாக்'. 'கைது' என்ற முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, ஐந்தாம் பகுதியில் கசாக்ஸ்தானின் கெங்கிர் முகாம் கைதிகள் 1954-இல் நாற்பது நாள் முகாமைத் தம் கையில் வைத்திருந்த அத்தியாயத்துக்குப் போங்கள். அதன்பின் வரிசையாக வாசிக்கலாம். ஆங்கிலத்தில் அவர் ஒப்புதலுடன் வந்த ஒரு தொகுதிச் சுருக்கமும் உண்டு.

அரசு ஆவணங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. 227 பேரின் சாட்சியமும் சொந்த அனுபவமுமே அடித்தளம். கைது, விசாரணை, ரயில் பயணம், முகாம் வேலை எப்படி நடந்தன என்பதற்கு இந்த நூலை நம்பலாம். மொத்த எண்ணிக்கைகளை மட்டும் இதிலிருந்து எடுத்து மேற்கோள் காட்டாதீர்கள். ஆவணங்கள் திறந்தபின் வந்த ஆய்வுகளைப் பாருங்கள்.

நான்காம் பகுதியில், சிறை மனிதனை உயர்த்தவும் கூடும் என்கிறார். அதை முடித்த கையோடு சைபீரியாவின் வடகிழக்கில் உள்ள கோலிமா முகாம்களில் கைதியாக இருந்த எழுத்தாளர் வர்லாம் ஷலாமோவின் 'கோலிமா கதைகள்' நூலில் இரண்டு மூன்றைப் படித்தே ஆகவேண்டும். முகாம் யாருக்கும் எந்த நன்மையும் செய்யாது என்பது அவர் முடிவு. 'குலாக்' நூலைச் சேர்ந்து எழுதலாம் என்று சோல்செனிட்சின் அழைத்தபோதும் அவர் மறுத்துவிட்டார்.