பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது குரலை எங்கே விடுவது?

திருகோணமலையில் தரம் 6 பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் எடுக்கத் தொடங்கிய காலத்தில் என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளை என்ன சொன்னாலும் அதையே நானும் ஒருமுறை சொல்லுவேன், சரியோ பிழையோ கடைசியில் குரலைத் தூக்கித்தான் விடுவேன். சரியாகச் சொன்ன பிள்ளைகூட உடனே முழித்துக்கொண்டு விடையை மாற்றிவிடும். 'ரீச்சர் இழுக்கிறா, அப்போ பிழைதான்' என்பது அவர்களுடைய கணக்கு.

அதனால் முதலில் இதைத் திருத்துங்கள். 'ஷீ வென்ட் டு மூதூர்' என்று சரியாக வந்தால், நீங்கள் திருப்பிச் சொல்லும்போது மூதூரில் குரல் இறங்கி நிற்கட்டும். 'யெஸ்டர்டே ஷீ கோ டு மூதூர்' என்று வந்தால் முழுவதையும் சொல்லாதீர்கள். 'யெஸ்டர்டே ஷீ...' என்று குரலைத் தூக்கிப் பிடித்து அப்படியே நிறுத்திவிட்டு, மனதுக்குள் மூன்றுவரை எண்ணுங்கள். அந்த மூன்றுதான் கஷ்டம், எங்களுக்கு வாய் சும்மா இராதே!

கேள்விகளுக்கு வருவோம். தமிழில் 'வந்தாளா' என்றால் அந்த 'ஆ'வே கேள்வி, குரல் பெரிதாக உழைக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் 'யூ ஆர் கமிங்' என்பது செய்தியா கேள்வியா என்பதைச் சிலவேளை குரல் மட்டும்தான் சொல்லும். இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டி, கேள்வி என்று பட்டால் கையை உயர்த்தச் சொல்லுங்கள். 'வட்' (what), 'வேர்' (where) என்று தொடங்கும் கேள்விகளில் குரல் பொதுவாகக் கீழே இறங்கும், எல்லாக் கேள்வியையும் ஏற்றிப் பழக்கிவிடாதீர்கள்.

பாடத்தில் அடுத்த கட்டத்துக்குப் போகும்போது 'ரைட்', 'நவ்' என்று ஒரு சொல்லை உயரத்திலிருந்து இறக்கிச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் மௌனமாக இருங்கள். மொழியியலாளர்கள் சின்கிளேயரும் கூல்தார்டும் 1975இல் வெளியிட்ட வகுப்பறைப் பேச்சு ஆய்வில் ஆசிரியர்களிடம் கண்ட வழக்கம் இது. கத்துவதைவிட நன்றாக வேலை செய்கிறது.

சொல்வதெழுதுதலுக்கு ஒரே மட்டமாக வாசிப்பது பரவாயில்லை, ஆனால் முடிந்ததும் அதே வசனத்தை ஓர் ஆளிடம் பேசுவதுபோல ஒருமுறை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்புவிக்கிற ராகத்திலேயே பேசப் பழகுவார்கள்.

அப்புறம், போனை மேசையில் வைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குப் போகிற வழியில், நிலாவெளி பஸ்ஸிலோ எதிலோ, காதில் மாட்டிக் கேளுங்கள். சொற்களை விடுங்கள். நீங்கள் திருப்பிச் சொன்ன இடங்களில் குரல் ஏறியதா இறங்கியதா என்று மட்டும் ஒரு கடதாசித் துண்டில் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். முதல் நாள் என்னுடைய துண்டில் ஏறின கோடுகள்தான்.