நீளமான போலிஷ் வேதிப்பெயர்களை வாசிக்க, வாலைப் பிடியுங்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: போலிஷ் வேதிப்பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில்தான் விழும். அதனால் சொல்லை முன்னாலிருந்து துரத்தாமல் பின்னாலிருந்து எண்ணுங்கள். தமிழில் ஓர் அசையை மட்டும் ஓங்கிச் சொல்லும் கட்டாயம் இல்லை, ஆகவே நமக்கு இது தானாக வராது, வாய்விட்டுப் பழகித்தான் ஆக வேண்டும்.

படி 1: உயிரொலிகளை எண்ணுங்கள்

ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான். மெய்கள் எத்தனை முட்டிக்கொண்டு நின்றாலும் கணக்கில் வராது. 1898இல் மரியா ஸ்க்வொதொவ்ஸ்கா கியூரியும் பியர் கியூரியும் கண்டுபிடித்து, அப்போது வரைபடத்தில் தனி நாடாகவே இல்லாத போலந்தின் பெயரைச் சூட்டினார்களே, அந்தப் பொலோனியம் போலிஷில் 'பொ-லொன்'. இரண்டு அசை, அழுத்தம் 'பொ'வில்.

படி 2: ஏமாற்றும் 'ஐ'

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பாருங்கள். ஆங்கிலத்தில் 'ஐ' என்கிறோமே, அந்த எழுத்துக்குப் பின் இன்னோர் உயிர் வந்தால் அது பெரும்பாலும் முன்னுள்ள மெய்யை மென்மையாக்கும் வேலையை மட்டும் செய்யும், தனி அசை ஆகாது. செம்பு சல்பேட்டை 'ஷார்ச்சன் மியெஜி' என்பார்கள். 'மியெஜி' என்ற சொல்லில் அந்த எழுத்து இரண்டு முறை வருகிறது. முதலாவதற்குப் பின் 'எ' இருப்பதால் அது எண்ணிக்கையில் இல்லை; இரண்டாவது சொல்லின் கடைசியில் தனியாக நிற்பதால் முழு உயிர். ஆக 'மியெ-ஜி', இரண்டே அசை, அழுத்தம் 'மியெ'யில்.

மற்றபடி அடுத்தடுத்து நிற்கும் உயிர்கள் பொதுவாகத் தனித்தனி அசைகள். வேதிவினை என்பது 'ரெ-அக்-த்ஸ்ய', மூன்று அசை, நடுவில் அழுத்தம்.

படி 3: விகுதி சேர்த்துத் திரும்ப எண்ணுங்கள்

ஹைட்ராக்சைடு 'வொ-தொ-ரொ-த்லெ-நெக்', அழுத்தம் 'த்லெ'யில். 'ஹைட்ராக்சைடுகளால்' என்று வேற்றுமை ஏறியதும் 'வொ-தொ-ரொ-த்லென்-கா-மி' ஆகிவிடும், அழுத்தமும் 'கா'வுக்கு நகர்ந்துவிடும். பெயரை ஒரே வடிவத்தில் மனப்பாடம் செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இவ்வளவு நீளமான சொல்லில் முதல் அசைக்கும் லேசாக ஒரு தட்டு கிடைக்கும். 'வொ'வை மெதுவாகத் தட்டி, 'கா'வில் இறங்குங்கள்.

விதிவிலக்கும் உண்டு. இயற்பியலைக் குறிக்கும் 'ஃபி-ஸி-க' போன்ற சில கடன்சொற்களில், கவனமாகப் பேசுகிறவர்கள் கடைசியிலிருந்து மூன்றாம் அசையை, அதாவது 'ஃபி'யை அழுத்துவார்கள். பேச்சுவழக்கில் பலர் நடு அசையையே அழுத்துகிறார்கள்.

படி 4: பெரிய சொல்

சரி, இப்போது டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் முழுப்பெயர்:

தி-ஹ்லொ-ரொ-தி-ஃபெ-னி-லொ-த்ரி-ஹ்லொ-ரொ-எ-தன்

பன்னிரண்டு அசை. மொத்தமாக விழுங்க வேண்டாம். முதலில் 'எ-தன்' மட்டும், 'எ'யை அழுத்தி. அப்புறம் 'ஹ்லொ-ரொ-எ-தன்'. அப்புறம் 'த்ரி' சேருங்கள். இப்படி ஒவ்வொரு துண்டாக முன்னால் ஒட்டிக்கொண்டே போனால் அழுத்தம் இடம் மாறாமல் வாயில் உட்கார்ந்துவிடும். தடையில்லாமல் வந்ததும் கடைசியில் 'உ' விகுதியைச் சேர்த்துச் சொல்லுங்கள்: '...ரொ-எ-தா-னு'. பதிமூன்று அசை, அழுத்தம் இப்போது 'தா'வில்.