பழைய கடற்படைக்காரர் கூடும் மாலை: ஏற்பாடு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பா 1960களில் கடற்படையில் சேர்ந்தவர். 1972இல் நாடு குடியரசானதோடு 'றோயல் சிலோன் நேவி' இலங்கைக் கடற்படை ஆனது. அவர் வாயில் இன்றைக்கும் பழைய பெயர்தான் வருகிறது. திருகோணமலையில் உள்ள கடற்படைத் தளமான டொக்யார்டில் அவரோடு ஒன்றாக இருந்தவர்களில் மிஞ்சியிருப்போரைக் கூட்டி, ஊரில் மாலைச் சந்திப்பு வைக்கத் தொடங்கினோம். முதல் தடவை நாங்கள் செய்தது ஒரு விழா. மண்டபம், மேடை, பிரதம விருந்தினர், பொன்னாடை, நான்கு பேச்சு. வந்திருந்த பதினொரு பேரும் மூன்று மணித்தியாலம் ஒரே வரிசையில் மேடையைப் பார்த்தபடி இருந்தார்கள். திரும்பி வரும்போது அப்பா ஓட்டோவில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அவனோட ரெண்டு கதை கதைக்கக் கிடைக்கேல்லை."

ஐம்பது வருடத்துக்குப் பிறகு கண்ட கூட்டாளியோடு கதைக்க விடாமல் செய்ததுதான் எங்கள் பெரிய பிழை. மற்றப் பிழைகளில் அநேகம் அதிலிருந்து கிளைத்தவை.

முதலில் சத்தம். வயது போகும்போது காதில் முதலில் குறைவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். இயந்திர அறையிலும் பீரங்கி அருகிலும் வருடக்கணக்கில் நின்றவர்களுக்கு அந்தக் குறை இன்னும் அதிகம். பேசுபவரின் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. 'பத்து' என்பதும் 'கத்து' என்பதும் ஒன்றாகவே விழும். நாங்கள் ஸ்பீக்கரைக் கூட்டி வைத்தோம். கூட்டக் கூட்ட அவர்கள் இன்னும் அமைதியானார்கள். காதுக் கருவி போட்டவர் அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார், ஏனென்றால் அது பாட்டையும் மின்விசிறியையும் கதிரை இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும். இரண்டாம் தடவை ஆறு பேருக்கு ஒரு வட்ட மேசை போட்டோம். வெளிச்சம் பேசுபவர் முகத்தில் விழும்படி விளக்கை மாற்றினோம், ஏனென்றால் உதட்டைப் பார்த்துத்தான் பாதிச் சொல்லைப் பிடிக்கிறார்கள். பாட்டை நிறுத்தினோம். ஒன்பது மணிக்கு மேசையைத் தட்டி அவர்களே பைலா பாடினார்கள்.

அடுத்தது சாப்பாட்டு நேரம், இதில் கவனக்குறைவு ஆளையே சாய்த்துவிடும். ஆறு மணிக்கு வரச்சொல்லி, பேச்செல்லாம் முடித்து ஒன்பதரைக்கு இலை போடுவது நம் ஊர் வழக்கம். வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சீனி வருத்தம் இருக்கும். குளிசையோ ஊசியோ போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்தினால் இரத்தத்தில் சீனி விழுந்துவிடும்: வியர்வை, கை நடுக்கம், தடுமாற்றமான பேச்சு. ஒரு கிளாஸ் கையில் இருந்தால் "மாமாவுக்கு ஏறிவிட்டது" என்று சுற்றி நிற்பவர்கள் நினைத்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. மதுவும் சீனியை இன்னும் இறக்கும். ஆள் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஏழரைக்கு இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும் மேசைக்கு வந்துவிட வேண்டும். மலசலகூடம் மாடியிலோ, இருட்டான முற்றத்தைத் தாண்டியோ இருக்கும் இடத்தை எடுக்கவே வேண்டாம்.

நாளையும் பார்த்து வையுங்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் மதுவும் இறைச்சியும் விற்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை சைவம் இருப்போர் உண்டு. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் முஸ்லிம் காக்காமாருக்கு மஃரிப் என்ற மாலைத் தொழுகை சரியாக நீங்கள் வரவேற்புரை தொடங்கும் நேரத்தில் வரும். பாயும் ஒரு அறையும் ஒழுங்கு செய்துவிட்டு, தொழுது முடித்து அவர்கள் வந்த பிறகு தொடங்கினால் என்ன குறைந்துவிடும்? கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருபவர் விடியப்புறம் வந்து இறங்குகிறார். மாலை வரை அவர் சாய்ந்து கிடக்க ஒரு கட்டில் வேண்டும்.

கடற்கரையில் வைத்தால் அழகாக இருக்கும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். டச்சு பே மணலில் கதிரைக்கால் புதையும், ஊன்றுகோல் நிற்காது, காற்று பேச்சைக் கொண்டுபோய்விடும். மாரிக்காலம் என்றால், ஐப்பசி முதல் தை வரை, மழை வரும் என்றே எதிர்பார்த்து இருக்கவேண்டும். டொக்யார்டுக்குள் ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்ட விரும்பினால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி எடுங்கள். எண்பது வயதுக்காரர் தான் வேலை செய்த வாசலிலே நின்று திரும்பி வருவதைப் பார்க்கச் சகிக்காது.

இனி நான் அதிகம் கவலைப்படும் விடயம். முதல் சந்திப்பில் ஒரு பேரப்பிள்ளை மைக்கைப் பிடித்து, "தாத்தா, நீங்கள் எத்தனை பேரைச் சுட்டனீங்கள்?" என்று கேட்டான். கேட்கப்பட்டவர் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனார். பிள்ளையில் பிழை இல்லை, மைக்கைக் கொடுத்த எங்களில்தான் பிழை. இவர்கள் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களுமாக ஒரே கப்பலில் படுத்து எழும்பியவர்கள். 1960 முதல் 1970 வரை அந்தக் கடற்படையின் தளபதி ராஜன் கதிர்காமர் என்ற தமிழர் என்று சொன்னால் இன்றைய இளையவர்கள் நம்பமறுக்கிறார்கள். 1983க்குப் பிறகு போரில் நடந்தவை இவர்களில் ஒவ்வொருவரையும் வெவ்வேறு கரையில் கொண்டுபோய் விட்டன. விலகிப் போனவர் உண்டு, பென்சன் வரை இருந்தவர் உண்டு, அதே காலத்தில் வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவரும் உண்டு. அந்த மூன்று பேரும் ஒரே மேசைக்கு வரச் சம்மதித்திருக்கிறார்கள் என்பதே பெரிய விடயம். எதைப் பேசுவது, எதைத் தொடாமல் விடுவது என்பது அவர்களுக்குத் தெரியும். நாங்கள் மேடையிலிருந்து வெற்றியையும் தியாகத்தையும் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்த மேசை உடைந்துவிடும். அரசியல்வாதியை அழைக்காதீர்கள். பட்டாசு கொளுத்தாதீர்கள். கேட்க ஆசையிருந்தால் 'விஜய' கப்பலில் குசினி எப்படி இருந்தது, 'கஜபாகு'வில் யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேளுங்கள்; வாய் தானாகத் திறக்கும்.

பதவி வரிசைப்படி இருத்துவதும் பிழை. அதிகாரியாக ஓய்வு பெற்றவருக்கு முன் கதிரை, மாலுமிக்குப் பின் கதிரை என்றால் பின்னால் இருப்பவர் அடுத்த தடவை வரமாட்டார். கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயர், சேர்ந்த வருடம், கப்பல், அன்றைய பட்டப்பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் போடுங்கள். முகம் மாறியிருக்கும், பட்டப்பெயர் மாறாது. அதைப் படித்ததும் மூன்று சமூகத்தவர் வாயிலும் ஒரே 'மச்சான்'தான் வந்தது.

இறந்தவர்களின் மனைவிமாரை அழைக்காமல் விடுகிறோம், அழைத்தாலும் மூலையில் இருத்துகிறோம். மங்கல விளக்கு ஏற்ற அவர்களைக் கூப்பிடத் தயங்குகிறோம். இது எனக்குத் தாங்கமுடியாத விடயம். மாதக்கணக்கில் கப்பலில் நின்றவருக்காக வீட்டைத் தனியே தாங்கியவர்கள் இவர்கள்தான். இரண்டாம் தடவை முதல் திரியை ஏற்றியவர் கணவரை இழந்த ஒரு சிங்கள அம்மா, அடுத்து எங்கள் தெருப் பெரியம்மா. பிறகு இறந்தவர்களின் பெயரைச் சேவை இலக்கத்தோடு வாசித்தோம். இலக்கத்தைப் பாதியில் சொல்லும்போதே மிச்சத்தை மேசையிலிருந்து யாரோ சொல்லி முடித்தார்கள்.

படங்களைத் திரையில் ஓடவிட்டால் இவர்களின் கண் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பெரிதாக அச்சடித்துக் கையில் கொடுங்கள். அன்று எடுக்கும் படங்களை அவரவர் சம்மதம் கேட்காமல் முகநூலில் ஏற்றவேண்டாம். இந்த மண்ணில் அந்த ஒரு படம் ஒரு குடும்பத்துக்கு என்ன கதையைக் கொண்டுவரும் என்று வெளியிலிருப்பவருக்குத் தெரியாது.

மறதி நோய் வந்தவரை "வேண்டாம், குழப்புவார்" என்று வீட்டில் விட்டுவராதீர்கள். எங்கள் சந்திப்பில் மகளின் பெயரை மறந்துபோன ஒருவர் அரைமணி நேரம் கயிறு முடிச்சுப் போட்டுக் காட்டினார். அப்பா அருகில் இருந்து அவிழ்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

பிரியும்போது "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினோம். வருடம் திரும்புவதற்குள் இரண்டு பேர் போய்விட்டார்கள். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைக்கிறோம். அன்றிரவே திகதியை எழுதி, எல்லோருடைய தொலைபேசி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொருவர் பையிலும் வைத்துவிடுகிறோம். அடுத்த நாள் காலை, எல்லோரும் வீடு சேர்ந்தார்களா என்று அப்பாவே ஒவ்வொருவராக எடுத்துக் கேட்கிறார்.