‘வெள்ளைநிற மல்லிகையோ’ பாட்டை அலகிடுவது எப்படி

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் இந்தப் பாட்டு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பலருக்கும் மனப்பாடம். சிக்கலும் அதில்தான்: ராகத்தோடு முணுமுணுத்தபடி அலகிட்டால் (சீர்களை அசைகளாகப் பிரித்து ஓசை பார்த்தால்), இழுப்பில் குறிலும் நெடிலாகக் கேட்கும். எழுத்தைப் பார்த்தே அலகிடுங்கள்.

முதலில் சீர் (அடியின் ஓசைத் துண்டு) பிரித்து எழுதுங்கள்.

வெள்ளைநிற / மல்லிகையோ / வேறெந்த / மாமலரோ
வள்ளல் / அடியிணைக்கு / வாய்த்த / மலரெதுவோ
வெள்ளைநிறப் / பூவுமல்ல / வேறெந்த / மலருமல்ல
உள்ளக் / கமலமடி / உத்தமனார் / வேண்டுவது

‘வள்ளலடியிணைக்கு’ என்று சேர்த்து எழுதிவிட்டால் ‘ல’வும் ‘டி’யும் இடம் மாறி அசை குழம்பும். குறிலோ நெடிலோ தனித்து வந்தால் நேரசை; இரு குறிலோ குறிலும் நெடிலுமோ இணைந்து வந்தால் நிரையசை. பின்னால் வரும் ஒற்றுக்குக் (புள்ளி எழுத்துக்குக்) கணக்கில்லை, ‘வாய்த்த’வில் ய், த் இரண்டு வந்தாலும் ‘வாய்த்’ ஒரே நேரசைதான்.

பெரும்பாலானோர் வழுக்குவது முதற் சீரிலேயே. வெள்/ளை/நிற என்று பிரித்தால் நேர் நேர் நிரை, தேமாங்கனி. கனிச்சீர் (நிரையில் முடியும் மூவசைச் சீர்) வந்ததும் தளை (அடுத்தடுத்த சீர்களின் ஓசைப் பிணைப்பு) கெட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சொல்லின் நடுவே வரும் ஐகாரம் குறுகும். ‘ளை’யைக் குறிலாகக் கொண்டு வெள்/ளைநி/ற என்று பிரியுங்கள். நேர் நிரை நேர், கூவிளங்காய்; மூன்றாம் அசை நேர் என்பதால் காய்ச்சீர். அடுத்த சீர் ‘மல்’ என்று நேரில் தொடங்குவதால் வெண்சீர் வெண்டளை (காய் முன் நேர்) சுத்தமாக நிற்கும். மூன்றாம் அடியின் ‘வெள்ளைநிறப்’ என்பதற்கும் இதே வைத்தியம்.

தொடை, அதாவது எதுகை மோனை, பார்ப்பது சுலபம். வெள்ளை, வள்ளல், வெள்ளை, உள்ள: இரண்டாம் எழுத்து நான்கடியிலும் ‘ள்’, முதலெழுத்து நான்கிலும் குறில். முதலெழுத்தின் குறில் நெடில் அளவும் ஒத்தால்தான் எதுகை. பட்டு, பாட்டு எதுகையாகா. மோனை ஒன்றாம் மூன்றாம் சீர்களில்: வெ–வே, வ–வா, வெ–வே, உ–உ. இது பொழிப்பு மோனை.

பாவகைக்கு வருவோம். வெண்டளை மிகுந்திருப்பதால் வெண்பா என்று எழுதிவிடாதீர்கள். வெண்பாவின் ஈற்றடி முச்சீர். இங்கே கடைசி அடியும் நாற்சீர். நாற்சீர் அடி நான்கு, ஒரே எதுகை, காய்ச்சீர் மிகுதி: கலிப்பா வகைகளில் ஒன்றான தரவு கொச்சகக் கலிப்பா.

பதினாறு சீருக்கு இடையே பதினைந்து தளை. பதினான்கு வெண்டளை; ‘வள்ளல்’ போல நேரில் முடியும் ஈரசை மாச்சீர் முன் நிரை வருவதும் வெண்டளைதான். ‘வேறெந்த / மலருமல்ல’ மட்டும் காய் முன் நிரை, கலித்தளை. அதை வெண்டளையாக்கப் பிரிப்பை வளைக்காதீர்கள். கொச்சகத்தில் அது குற்றமில்லை.