வல்லெட்டாவை ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி?

மால்டாவின் தலைநகர் வல்லெட்டா சின்ன ஊர்தான், அரை மணி நேரத்துக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிடலாம். அதனால் திட்டமே போடாமல் போய், ஞாயிற்றுக்கிழமை புனித யோவான் பேராலயத்தின் வாசலோடு திரும்பினேன். அன்று வழிபாட்டுக்கு மட்டும்தான் திறப்பு. ஆகவே முதல் வேலை, திங்கள் முதல் சனிக்குள், அரசு விடுமுறை இல்லாத நாளாகப் பிடியுங்கள்.

காலையில் நகர வாயிலுக்குப் போகாமல், துறைமுகத்தின் எதிர்க்கரையில் உள்ள பிர்கு என்ற பழைய ஊரில் தொடங்குங்கள். 1565இல் ஒட்டோமான் துருக்கியப் படை முற்றுகையிட்டபோது வல்லெட்டா என்ற ஊரே கிடையாது. அப்போது மால்டாவை ஆண்ட கத்தோலிக்கப் போர்வீரர் அமைப்பான யோவான் சபையின் வீரர்கள் பிர்குவில் இருந்துதான் எதிர்த்து நின்றார்கள். எதிரே வெறும் பாறைமேடு, அதன் நுனியில் புனித எல்மோ கோட்டை. அந்தக் கோட்டை வீழ்ந்தது, பிர்கு வீழவில்லை. மறு ஆண்டு மார்ச் 28 அன்று அதே மேட்டில் புது நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார் சபைத் தலைவர் லா வலெட், ஊருக்கு அவர் பெயர்தான். இந்தக் கரையில் நின்று பார்த்த பிறகுதான் மதில்கள் ஏன் இவ்வளவு தடிமன் என்று எனக்குப் புரிந்தது.

அப்புறம் படகு. ஃபெரியும் உண்டு, ஆனால் நான் தைசா எனும் வண்ணம் பூசிய சிறு மரப்படகைத்தான் சொல்வேன், நீர்மட்டத்திலிருந்து அந்த மதிலை அண்ணாந்து பார்ப்பதற்கு ஈடே இல்லை. இறங்கியதும் 58 மீட்டர் உயர லிஃப்டில் ஏறினால் அப்பர் பராக்கா தோட்டம். பகல் 12 மணிக்குக் கீழ்த்தளத்தில் பீரங்கி வெடிப்பார்கள், தோட்டத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம், கொஞ்சம் முன்னதாகவே இடம் பிடித்துவிடுங்கள்.

அடுத்தது பேராலயம். வெளியே சாதாரணமாக இருக்கும், உள்ளே எங்கும் தங்கம், தரை முழுக்கச் சபை வீரர்களின் பளிங்குக் கல்லறைகள். நேராக ஜெபக்கூடத்துக்குப் போய் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608இல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் சிரச்சேத ஓவியத்தின் முன் உட்காருங்கள். கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார், அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம் இது. சபையில் வீரராகச் சேர்ந்திருந்த அவர், அதே ஆண்டு ஒரு கைகலப்பால் சிறைப்பட்டுத் தப்பியோடினார்; அதற்காக அவரைச் சபையிலிருந்து நீக்கியதும் இதே கூடத்தில், இந்த ஓவியத்தின் முன்னால்தான். நான் முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தேன்.

பின்சேர்க்கை: ஒரு வாசகி ஊசிக்குதி செருப்போடு போய் வாசலில் மாட்டிக்கொண்டாராம். பளிங்குத் தரை கெடும் என்பதால் அனுமதியில்லை, தட்டையான செருப்பே போடுங்கள். இன்னொருவர் மேப்பில் தெருப் பெயர் கிடைக்கவில்லை என்றார். 'ட்ரிக்' என்றால் மால்டா மொழியில் தெரு, ரிபப்ளிக் ஸ்ட்ரீட்டும் 'ட்ரிக் இர்-ரெபுப்ளிகா'வும் ஒன்றே. அதைப் பிடித்துக் கடைசிவரை நடந்தால் புனித எல்மோ கோட்டை வந்துவிடும்.