படர்தாமரைக்கு அந்த டியூப்பை வாங்காதீர்கள்

தோல் ஓ.பி.யில் எனக்கு எதிரே உட்காரும் ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி மருத்துவர்கள்) எழுதும் சீட்டைப் பார்த்தால் சில நாள் பதறிவிடுகிறது. ஏனென்றால் அதே சீட்டை, அதே நம்பிக்கையோடு, நானும் ஒரு காலத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். தினமும் குளியுங்கள், சொறியாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். கீழே தலைப்பாக இருப்பவை செய்யக்கூடாத தவறுகள்.

படர்தாமரைக்குக் கலவைக் களிம்பு

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பரோட்டா மாஸ்டர் வந்தார். நாள் முழுக்க அடுப்படியில் வியர்வையோடு நிற்கிற வேலை, தொடை இடுக்கில் வட்டமாகப் படை, ராத்திரி தூக்கமில்லை. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த டியூப் ஒன்றை எழுதிக்கொடுத்தேன். இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது என்று வந்து கையெடுத்துக் கும்பிட்டார், எனக்கும் சந்தோஷம்.

எட்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தார். காலி டியூப்பை மெடிக்கலில் காட்டிக் காட்டி அவரே வாங்கிப் போட்டிருக்கிறார். படை இடுப்பு வரை ஏறியிருந்தது, மனைவிக்கும் பிள்ளைக்கும் வந்திருந்தது, தொடை இடுக்கில் பிள்ளை பெற்றவர்களின் வயிற்றில் இருப்பதுபோல வரிவரியாகத் தோல் கிழிந்திருந்தது. படையை மாதக்கணக்கில் மருந்து கொடுத்துக் குணமாக்கினோம். அந்த வரிகள் மட்டும் போகவே இல்லை, போகவும் போகாது.

நடப்பது இதுதான். படர்தாமரை ஒரு பூஞ்சை, தோலின் மேலடுக்கில் வாழ்வது. சிவப்பும் அரிப்பும் நம் உடம்பு அதை எதிர்ப்பதால் வருபவை. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பைத்தான் அடக்குகிறது, அதனால் அரிப்பு நின்றதுபோல் இருக்கும், பூஞ்சையோ சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். வட்டமும் ஓரமும் கலைந்துபோய், பார்க்கிற மருத்துவரே குழம்புகிற அளவுக்கு உருமாறிவிடும். போதாததற்கு இப்போது டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கே சரியாக மசியாத ஒரு வகைப் பூஞ்சை நம் நாட்டில் பரவிக் கிடக்கிறது. டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். தோலில் போடும் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018இல் மத்திய அரசு சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது, ஆனாலும் கவுன்டரில் கேட்டால் கிடைக்கிறது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

டியூப்பைத் திருப்பிப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது ஸ்டீராய்டின் பெயர் இருந்தால் படர்தாமரைக்கு வேண்டாம். பல மாதம் போட்டவர்கள் நிறுத்தியதும் அரிப்பு முன்பைவிடக் கூடலாம், பயந்துபோய் பழைய டியூப்புக்கே திரும்பாமல் மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். வெறும் பூஞ்சைக்கொல்லி களிம்பாக இருந்தாலும் படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும், மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது. தலையில், நகத்தில், முகத்தில் வந்தாலோ, பல இடத்தில் இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தாலோ முதலிலேயே காட்டிவிடுங்கள்.

ஒருவருக்கு மட்டும் சொறிசிரங்கு மருந்து

ராத்திரியில் அரிப்பு கூடி, விரல் இடுக்கில் பொரிபொரியாக இருந்தால், அரிக்காதவர்கள் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும்.

முகம் வெளுக்க ஸ்டீராய்டு க்ரீம்

வேண்டவே வேண்டாம்.

அக்கிக்குக் காவி எழுதிவிட்டுக் காத்திருப்பது

ஊர்ப்பக்கம் இன்னமும் அக்கி எழுதப் போகிறார்கள், அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அக்கி என்பது சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து மறுபடி கிளம்புவது. வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். எழுதிவிட்டு ஒரு வாரம் காத்திருந்து வருகிற பெரியவர்கள் சிலர், புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிச்சலோடு அவதிப்படுவதைப் பார்க்க முடியவில்லை. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணையும் தாக்கலாம், அன்றைக்கே போங்கள்.

எல்லா வெளுப்பையும் தேமல் என்று விடுவது

தேமலில் உணர்ச்சி போகாது. தொட்டாலும் சுட்டாலும் சரியாகத் தெரியாத வெளிர்ந்த படை என்றால் தொழுநோயா என்று பார்த்தாக வேண்டும். அதற்கான மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் குணமாகும்.